நாய்க்கல்லில் உருண்ட காசு

அழகுமுத்து உட்கார்ந்து சோறு தின்றதை, கலியாணமான நாளிலிருந்து நாகலெட்சுமி பார்த்ததில்லை. தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தபடியேதான் சாப்பிடுவார். ரெண்டு வாய் தின்பார், வெளியே எட்டிப்பார்ப்பார், மறுபடி ரெண்டு வாய். "காலுல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்த மனுசன்" என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனாள்.

இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, ஏறிப்போனால் மூச்சு வாங்குகிற தூரத்தில் இருந்தது சோலைத்துண்டுத் தேயிலைத் தோட்டம். அதன் பெரிய பங்களாவில் அழகுமுத்து அப்பு வேலை பார்த்தார். அப்பு என்றால் வெறும் சமையல்காரர் இல்லை. குசினி, சாமான் அலுமாரி, துரையின் வெள்ளிக் கரண்டிகள், வருகிற விருந்தாளிகளின் பசி, கோபம் எல்லாமே அவர் பொறுப்பு. துறையூர்ப் பக்கமிருந்து வந்து கொழுந்து மலையில் கூன் விழுந்துபோன ஒருவரின் மகன் அவர். குதிரைக்குப் புல் வெட்டப் போய், குசினிக்குள் விறகு சுமந்து நுழைந்து, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார். ஆனால் அவருக்குப் பெருமை அந்தக் கோட்டில் இல்லை. அவருடைய அரைஞாண் கயிற்றில் ஒரு சாவி தொங்கும். மாரியம்மன் கோயில் நகைப் பெட்டியின் சாவி. ஒரு வெள்ளிக் கிரீடம், கண்மலர், சின்னதாக ஒரு சூலம், அவ்வளவுதான் அம்மனின் சொத்து. துரை வீட்டு வெள்ளியையே காப்பாற்றுகிறவர் அம்மன் வெள்ளியைக் காப்பாற்ற மாட்டாரா என்று லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனமெல்லாம் சேர்ந்து அவர் கையில் கொடுத்த சாவி. நடக்கும்போது அடிக்கடி இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். மனுஷனுக்குப் பட்டம், பதவி எல்லாம் அந்தச் சாவிதான்.

துரையின் பெயர் லிண்ட்சே. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஒரு தம்பி இருந்தான், அவனும் யுத்தத்தில் பர்மாவில் போய்ச் சேர்ந்துவிட்டான். போவதற்கு முன் அந்தத் தம்பி அண்ணனுக்கு ஒரு காசு கொடுத்திருந்தான். அமெரிக்க தேசத்து வெள்ளி டாலர். அந்தத் தேசம் சொந்தமாகக் காசு அடிக்கத் தொடங்கிய காலத்தது என்பார் துரை. ஒரு பக்கம் கூந்தல் விரித்த ஒரு பெண், மறுபக்கம் ஒரு கழுகு. கறுத்துப்போய், அடுப்புக் கரி ஏறிய சட்டி மாதிரி இருக்கும். அந்தக் கறுப்பைத் துரை கண்ணாகப் பார்த்துக்கொண்டார். நூற்றைம்பது வருஷத்துக் கறுப்பு, தொட்டால் போச்சு என்பார்.

விருந்து என்று நாலு துரைமார் கூடிவிட்டால், சாப்பாடு முடிகிற நேரத்தில் அந்தக் காசு மேசைக்கு வந்துவிடும். துரை ரெண்டு மேசைக் கத்தியை அருகருகே படுக்க வைப்பார். நடுவே காசை நிறுத்தி, ஒரு கத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை மெல்லத் தள்ளுவார். காசு தானாக உருளும். அந்தக் காலத்தில் காசுக்கு முதலில் விளிம்பைத்தான் எழுதினார்களாம், முகமெல்லாம் பிறகுதானாம். பாதி வாசகம் வெட்டிய இரும்புப் பட்டை ஒன்று, மீதி வாசகம் வெட்டிய பட்டை இன்னொன்று, நடுவே மொட்டை வெள்ளி வட்டம். பட்டையைத் தள்ளினால் வட்டம் உருண்டு, எழுத்து விளிம்பில் பதிந்துவிடும். விளிம்பைச் சுரண்டி யாரும் வெள்ளி திருடாதபடி அந்த எழுத்துத்தான் காவல். கள்ளக் காசு செய்கிறவனோ ரெண்டு பாதி அச்சைச் சேர்த்து வெள்ளியை உருக்கி ஊற்றுவான். சேர்த்த இடம் விளிம்பு நடுவில் மயிரிழைக் கோடாக நிற்கும். "முகத்தைப் பார்க்காதே, விளிம்பைப் பார்" என்று சொல்லி, காசைப் பட்டர் கட்டியின் மேல் ஒரு உருட்டு உருட்டுவார். பட்டரில் எழுத்து வரிசையாக எழுந்து நிற்கும். துரைமார் கைதட்டுவார்கள். தட்டேந்தி நின்ற அழகுமுத்துவுக்கு இங்கிலீஷ் அரைகுறைதான் என்றாலும், இத்தனை வருஷமாகப் பார்த்ததில் கதை முழுக்க மனப்பாடம். அவருக்கு ஒரே கவலை, நல்ல பட்டர் வீணாகிறதே என்பது.

துரையின் நாய் ரோஜர் செத்தபோதும் அந்தக் காசுக்கு வேலை வந்தது. சைப்பிரஸ் மரத்தடியில் நாயைப் புதைத்து, மேலே சீமெந்துப் பலகை போட்டார்கள். ஈரம் காயுமுன் துரை மண்டியிட்டு, நாலு ஓரத்திலும் காசை உருட்டிக்கொண்டே போனார். கல்லுக்குக் கரை போட்ட சேலை மாதிரி ஒரு ஓரம் வந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்குச் செய்வது போல நாய்க்குச் செய்கிறாரே என்று சனங்கள் சிரித்தார்கள். பங்களா வாசல் கூட்டுகிற நாகலெட்சுமிக்குத்தான் அதனால் கூடுதல் வேலை. மழை தேசத்தில் பாசி சும்மா இருக்குமா? கிழமைக்கு ஒரு தரம் அந்த நாய்க்கல்லைத் தேய்க்க வேண்டும்.

ஐம்பத்தி நாலாம் வருஷத்துத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்று வினை வந்தது. காப்புக் கட்டினால் அம்மன் வெள்ளியைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்க வேண்டும். அழகுமுத்து அதைப் பங்களாப் பின்கட்டுப் பீலியில்தான் செய்வார், அங்கேதான் தண்ணீர் நன்றாக விழும். துரை நுவரெலியா போயிருந்தார். முந்தின நாள் விருந்தில் உருட்டிய காசு, பட்டர் அப்பியபடி மேசையிலேயே கிடந்தது. வழக்கமாகத் துணியால் ஒரு ஒற்று ஒற்றிப் பெட்டியில் வைப்பார். அன்றைக்குக் கை சும்மா இருக்கவில்லை. அம்மன் கிரீடம் பளபளவென்று வெயிலில் சிரிக்கும்போது, பக்கத்தில் இந்தக் காசு மட்டும் மூதேவி மாதிரி கிடக்கலாமா? நல்ல நாளும் அதுவுமாகத் துரையின் காசும் வெளுக்கட்டும் என்று நினைத்து, அதையும் அம்மன் வெள்ளியோடு ஒரே சட்டியில் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்துவிட்டார். விளிம்பில் கடுகளவு ஒரு முண்டு கட்டைவிரலில் நெருடியது. அழுக்கு என்று நினைத்து அழுத்தித் தேய்த்தார். அது போகவில்லை. காசு மட்டும் வெளுத்து நிலா மாதிரி ஆகிவிட்டது. துரை பார்த்துச் சந்தோஷப்படுவார் என்றே மனுஷன் நம்பினார், பாவம்.

துரை வந்து பெட்டியைத் திறந்தார். முகம் வெளுத்துப்போயிற்று. பூதக் கண்ணாடியை எடுத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு காசை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பு. இது என் காசு இல்லே."

"தொரை, அது அதேதான். நான் புளி போட்டு..."

"கோடு இருக்கு. சுத்தி வர எழுத்துக்குள்ளே கோடு இருக்கு. இது ஊத்தின காசு. என் காசு எங்கே? ஹட்டன்லே எந்த ஆசாரி செஞ்சான்?"

அழகுமுத்து இத்தனை வருஷத்தில் ஒரு சீனிக் கட்டியைக்கூட வாயில் போடாதவர். "அம்மன் சத்தியமா நான் மாத்தல தொரை" என்றார். துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காசு வரும்வரை வேலைக்கு வரக் கூடாது, திருவிழா முடிவதற்குள் காசு வராவிட்டால் பொலிஸ் வரும் என்று தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பங்களாவில் தும்மினால் லயத்தில் கேட்கும். பொழுது சாய்வதற்குள், அப்பு துரையின் காசை மாற்றிவிட்டார் என்ற பேச்சு தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு லயம் வரை போய்விட்டது. மறுநாள் தோட்டத் தலைவர் சோலைமலை, நாலு பெரிய மனுஷர்களைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். நேரே முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. சனம் ஒரு மாதிரியாப் பேசுது. அம்மன் சாவி கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட இருக்கட்டும்."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க தலைவரே? அதச் சொல்லுங்க."

"நான் என்னாத்த நெனைக்கிறது? சனம் பேசுது."

அழகுமுத்து அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்கப் போனார். வருஷக்கணக்காக இறுகின முடிச்சு அவிழவில்லை. கடைசியில் கயிற்றையே அறுத்துக் கொடுத்தார். போகிற வழியில் சோலைமலை கோயிலில் நகைப் பெட்டியைத் திறந்து கிரீடமும் அசல்தானா என்று உரசிப் பார்த்ததாக நாகலெட்சுமி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். அந்தச் சொல்தான் அவரை அறுத்தது. துரை சந்தேகப்பட்டதை ஒரு விதமாகத் தாங்கிக்கொண்டார். கூடப் பிறந்து வளர்ந்த சனம் கிரீடத்தை உரசிப் பார்த்ததை அவரால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் நிற்கவே இல்லை. முன்பெல்லாம் வேலைக்காக நடந்தார், இப்போது வேலையில்லாமல் நடந்தார். பீலிக்குப் போவார், சட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார், சாம்பல் குழியைக் கிளறுவார். தன் கையே தன்னை ஏமாற்றியிருக்குமோ, வேறொரு காசு எங்காவது விழுந்து கிடக்குமோ என்று புத்தி தடுமாறியது. ஸ்டேஷன் வரை இறங்குவார், ரயிலைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறுவார். தலவாக்கலைக்குப் போய் ஒரு ஆசாரியைக் கேட்கலாமா என்று பாதி தூரம் போனார். ஆசாரி கடை வாசலில் தன்னை யாராவது பார்த்துவிட்டால் கதை கந்தலாகிவிடும் என்று பயந்து திரும்பினார். இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அங்கே ஒன்றும் இல்லை.

"ஏங்க, ஒரு எடத்துல நில்லுங்க. பாக்குற எனக்குத் தல சுத்துது" என்று நாகலெட்சுமி நாய்க்கல்லைத் தேய்த்துக்கொண்டே கத்தினாள். திருவிழாவுக்கு நாலைந்து நாள் இருந்தது. அவர் சைப்பிரஸ் மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவளுக்கு இருந்த எரிச்சலெல்லாம் கல்லின் மேல் திரும்பியது. "இதுவும் ஒரு சனியன். எத்தன தேச்சாலும் இந்தப் பச்சப் புள்ளி போவுதா பாருங்க. ஓரத்துல அரச் சாணுக்கொன்னு அரச் சாணுக்கொன்னா, கடுகு வெதச்ச மாதிரி மொளைக்குது."

அழகுமுத்து நின்றுவிட்டார்.

"என்னாது?"

"கடுகு மாதிரி. குழி குழியா இருக்குங்க, அதுக்குள்ள பாசி ஒக்காந்துக்குது."

அவர் குனிந்து விரலை வைத்தார். எழுத்து வரிசையின் ஓரத்தில் ஒரு குழி. கொஞ்சம் தள்ளி, அதே எழுத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஒரு குழி. அப்புறம் இன்னொன்று. காசு ஒரு சுற்றுச் சுற்றி வரும்போதெல்லாம் ஒரு குழி. கட்டைவிரலில் நெருடிய அந்த முண்டு அவருக்கு நினைவு வந்தது. நாய் செத்த வருஷம் துரை தன் கையாலேயே உருட்டிய காசில் அந்த முண்டு இருந்திருக்கிறது. கறுப்பு மூடியிருந்ததால் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. சீமெந்துக்குக் கண் எதற்கு? "அடியே நாகு" என்று மட்டும் சொல்லி, பங்களாவைப் பார்க்க ஓடினார். ஓடும்போதே அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

துரை முதலில் வர மறுத்தார். பிறகு காசையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வந்தார். நாகலெட்சுமி பாசியைத் தென்னை ஈர்க்கால் நோண்டி எடுத்து ஒதுங்கி நின்றாள். துரை மண்டியிட்டார். காசின் முண்டை ஒரு குழியில் பொருத்தி, மெல்ல உருட்டினார். எழுத்து எழுத்தாக ஒட்டிக்கொண்டு போய், அடுத்த குழியில் முண்டு சரியாக உட்கார்ந்தது. மறுபடி உருட்டினார். மறுபடி உட்கார்ந்தது. கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கல்லில் எழுந்து நின்ற ஒவ்வொரு எழுத்தின் இடுப்பிலும் மயிரிழைக் கீறல் ஒன்று ஓடியது. சேர்த்த கோட்டை மறைக்கக் காசின் விளிம்பை ராவினவனின் அரம் எழுத்துப் பள்ளத்துக்குள் போகவில்லை. காசு அன்றைக்கே பொய்தான். தம்பி கொடுத்தபோதே பொய்தான்.

துரை எழுந்திருக்க வெகு நேரம் ஆனது. முழங்காலில் ஈரம். அழகுமுத்து கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"தொரை, எனக்கு ஒன்னும் வேணாம். பெரட்டுல சனத்துக்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க."

துரை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் விடியலில் பெரட்டுக் களத்தில், ஆள் பிரிக்கிற நேரத்தில், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவுக்குப் பக்கத்தில் துரை வந்து நின்றார். அழகுமுத்து வெள்ளைக் கோட்டைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். துரை தொண்டையைச் செருமினார்.

"காசு கெடச்சாச்சு. அப்பு வேலைக்கு வரும். பேச்சு முடிஞ்சுது."

அவ்வளவுதான். குதிரை ஏறிப் போய்விட்டார். கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு போன பேச்சியம்மா, அழகுமுத்துவின் காதில் விழும்படியே பக்கத்து ஆளிடம் சொன்னாள்: "பொலிஸுன்ன ஒடனே பயந்து திருப்பிக் குடுத்துருச்சு பாரு." சோலைமலை தோளில் தட்டி, "போகட்டும் அண்ணே, தொரை மன்னிச்சுட்டாரு" என்றார்.

மன்னித்துவிட்டாராம். அழகுமுத்துவுக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. நேரே பங்களாவுக்கு ஏறினார். வாழ்நாளில் முதல் தடவையாக முன்வாசல் வழியாகப் போனார். துரை தேத்தண்ணீர்க் கோப்பையோடு இருந்தார்.

"தொரை, நேத்து வரைக்கும் சனம் சந்தேகந்தான் பட்டுச்சு. இன்னைக்கு நீங்க சொன்னதுல நான் கள்ளன்னு முடிவாயிருச்சு."

துரை கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அது என் தம்பி குடுத்தது, அப்பு. கடைசியா குடுத்தது. எல்லாரும் சிரிக்கும்."

"தெரியும் தொரை. உங்களுக்கு அந்த ஒரு காசுதான் இருக்கு. எனக்கும் ஒரு பேருதான் இருக்கு."

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார். நாகலெட்சுமி கோபிப்பாள் என்று நினைத்தார். அவள், "வேல போனாப் போவுது, கொழுந்து எடுக்க எனக்குக் கை இருக்கு" என்றாள். அன்றும் அடுத்த நாட்களிலும் அவர் லயத்துக்கும் ஆற்றுக்குமாக நடந்தார். யாரும் வந்து பேசவில்லை. துரையும் ஆள் அனுப்பவில்லை.

திருவிழா வந்தது. தப்பு முழங்கியது, கரகம் சுற்றியது. அம்மன் கிரீடத்தை அந்த வருஷம் யாரோ அரைகுறையாக விளக்கியிருந்தார்கள். அதைப் பார்த்து அழகுமுத்துவுக்குக் கை துடித்தது. கூட்டத்துக்கு வெளியே, கொடிக்கம்பத்துக்கும் வேலிக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். வழக்கம்போலத் துரைக்கு மாலை போட்டு முன்னால் கூட்டி வந்தார்கள். பூசாரி நீட்டுகிற தீபத் தட்டில் முதல் காணிக்கை துரையுடையது. எப்போதும் மடித்த நோட்டு ஒன்று வைப்பார்.

அன்றைக்குத் துரை சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தது, டொங்கென்று சத்தம் போட்டது. சூடத்து வெளிச்சத்தில் அந்தக் காசு பளபளத்தது. முன்வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். துரை திரும்பி நின்று கையை உயர்த்தினார். தப்பு நின்றது.

"இது என் காசு" என்றார். "என் தம்பி குடுத்தது. இது கள்ளக் காசு. வெள்ளி நல்ல வெள்ளி, எழுத்துப் பொய். அப்பு மாத்தலே. எப்பவும் இதேதான் காசு. எனக்குத் தெரியாது. பெரட்டிலே நான் சொன்னது சரியில்லே. அப்பு திருடலே."

துரையின் முகம் சிவந்து, மாலைக்கு மேலே தனியாகத் தெரிந்தது. அழகுமுத்துவுக்கு வெற்றி என்று ஒன்றும் தோன்றவில்லை. அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அவ்வளவுதான். துரை மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டம் விலகிய வழியே நடந்து போனார். அழகுமுத்துவைக் கடக்கும்போது நின்றார். "நாளைக்குக் காலையிலே தேத்தண்ணீ?" என்று கேட்டார். "வரேன் தொரை" என்றார் இவர்.

பிறகு அன்னதானம். பந்திப் பாய் விரித்து வாழையிலை போட்டார்கள். சோலைமலை வேர்த்து வழிய ஓடி வந்தார். கையில் சாவி, புதுக் கயிறுகூடக் கோத்திருந்தார். பின்னால் அந்த நாலு பெரிய மனுஷர்கள். அவர்களுக்குப் பின்னால் பேச்சியம்மா, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு.

"அண்ணே, மனசுல வச்சிக்காதீங்க. இந்தாங்க, பிடிங்க."

அழகுமுத்து சாவியைப் பார்த்தார். பிறகு சோலைமலையை, மற்றவர்களை, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாரும் பார்க்க, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். எதிர்ப்பக்கம் கரண்டியோடு நின்ற நாகலெட்சுமியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"சாப்பிட்டுட்டு வாங்கிக்கிறேன் தலைவரே" என்றார். "வச்சிருங்க."

சோலைமலை சாவியை நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல், போகவும் முடியாமல் நின்றார். அவர் நின்றதால் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அழகுமுத்து சோற்றைப் பிசைந்து, பருப்பை வழித்து, மெல்ல மெல்ல மென்று சாப்பிட்டார். அவசரம் ஒன்றும் காட்டவில்லை. இலை காலியானதும் நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு புள்ள."